குன்னூர் குடோனும் லிவர்பூல் நிலவறையும்

வியாழன், குன்னூர்

மலை ரயிலில் ஏறுவதற்கு டிக்கெட் கிடைக்கவில்லை, இறங்குவதற்குத்தான் கிடைத்தது. அதனால் மேட்டுப்பாளையத்தில் பஸ் பிடித்தேன். பர்லியாறில் வண்டி நின்றபோது பக்கத்து சீட் அம்மா மங்குஸ்தான் வாங்கி, கேட்காமலேயே எனக்கும் இரண்டு உரித்துக் கொடுத்தார். குன்னூரில் இறங்கும்போது நல்ல தூறல்.

சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ் என்று எதிர்பார்த்து இதைப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும். இது ஊர் சுற்ற வந்த பயணம் இல்லை. சித்தப்பா மகன் கூப்பிட்டிருந்தான். கிடார் வாசிப்பவன். கோவையில் கல்லூரியில் படித்தபோது நண்பர்களோடு ஆரம்பித்த குழு இன்னும் கலையாமல் இருக்கிறது. கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசித்து வயிறு நிறைகிறது, மனசு நிறையவில்லையாம். வாரம் ஒரு நாள் ராக் அண்ட் ரோல் மட்டும் வாசிக்க ஒரு சின்ன இடம் வேண்டும். லோயர் குன்னூரில் ஒரு குடோன் பார்த்து வைத்திருக்கிறான். நான் சில காலம் இங்கிலாந்தில் லிவர்பூலில் வேலை பார்த்தவள், பீட்டில்ஸ் என்ற உலகப் புகழ்பெற்ற ராக் குழு வளர்ந்த கேவர்ன் கிளப்புக்குப் பல தடவை போனவள் என்பதால், "நீ வந்து பார்த்துட்டு சொல்லுக்கா" என்றான்.

பையை வீட்டில் போட்டுவிட்டு நேராக அங்கேதான் போனோம். முன்னால் உருளைக்கிழங்கு வைத்திருந்த குடோன். இப்போது மூட்டைகள் லாரி ஏறி நேராக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடுவதால் சும்மா கிடக்கிறது. சரிவில் கட்டியது, தெருவிலிருந்து பார்த்தால் ஒரு கதவுதான் தெரியும், உள்ளே போய்ப் படி இறங்கினால் நீளமான கல் அறை. ஒரு ஓரத்தில் முளைவிட்ட கிழங்குகள் நாலைந்து கிடந்தன. சாக்கு வாடை, ஈர வாடை. சுவரைத் தொட்டால் கை நனைந்தது.

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரியான இடம்" என்றேன். கிண்டல் இல்லை. கேவர்னும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்திருக்கிறது. மேத்யூ தெரு, 10ஆம் எண். பழக்கிடங்குகள் நிறைந்த ஒரு சந்து. ஒரு கிடங்கின் அடியில் இருந்த நிலவறை, போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் பதுங்கிய இடம். ஆலன் சிட்னர் என்ற இளைஞர் பாரிஸில் ஒரு நிலவறை ஜாஸ் கிளப்பைப் பார்த்து மயங்கி, தன் ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று இதைப் பிடித்தார். 1957 ஜனவரி 16 அன்று திறந்தார். பதினெட்டுப் படி இறங்கினால் பக்கத்தில் பக்கத்தில் மூன்று செங்கல் வளைவுக் கூடங்கள். நடுக்கூடத்தின் கோடியில் மேடை. தனியாகக் காற்றோட்ட வசதி ஏதும் கிடையாது.

"ராக் கிளப்பாத்தானே ஆரம்பிச்சாங்க?" என்று தம்பி கேட்டான். இல்லை. சிட்னருக்கு ஜாஸ்தான் உயிர், ராக் அண்ட் ரோல் என்றால் முகம் சுளிப்பார். அந்தக் கதை நாளைக்கு.

வெள்ளி, குன்னூர்

சித்தப்பா, விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி டீத்தூள் ஆக்கும் போட் லீஃப் பேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இலையை முகர்ந்து பார்த்தே எத்தனை மணி நேரம் வாடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். காலையில் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஸ்கிஃபிள் என்ற சொல் வந்ததும், "அதென்ன கண்ணு?" என்றார்.

1950களின் நடுவில் இங்கிலாந்துப் பையன்களைப் பிடித்து ஆட்டிய இசை அது. லோனி டோனிகன் 1956இல் பெரிய வெற்றி அடைந்ததும் தெருவுக்குத் தெரு குழு முளைத்தது. காரணம் எளிது, காசு தேவையில்லை. ஒரு மலிவான கிடார், துணி துவைக்கும் தகரப் பலகையில் விரலுறை போட்டுத் தேய்த்தால் தாளம், அடிச்சுரம் தரும் பாஸ் வாத்தியத்துக்கு ஒரு டீப்பெட்டி.

"டீப்பெட்டியா?" சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

டீப்பெட்டியேதான். பிளைவுட் பலகை, ஓரங்களில் தகரப் பட்டை அடித்து, உள்ளே ஈயத்தாள் மாதிரி மினுங்கும் தாள் ஒட்டிய பெட்டி. இந்தியாவிலும் இலங்கையிலும் தோட்டங்களிலிருந்து டீயை ஏற்றிக் கப்பலில் போன பெட்டிகள் காலியான பிறகு அங்கே வீடு மாற்றப் பாத்திரம் அடுக்க உதவின. அதைக் கவிழ்த்துப் போட்டு, நடுவில் ஓட்டை போட்டு, கயிறு கட்டி, விளக்குமாற்றுக் கம்பில் முடிந்தால் பாஸ். பின்னாளில் பீட்டில்ஸில் பாடிய ஜான் லெனன் பள்ளிக்காலத்தில் தொடங்கிய குவாரிமென் குழுவிலும் இந்த டீப்பெட்டி உண்டு.

சித்தப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்போது எல்லாம் பேப்பர் சாக்குதான், பெட்டி வழக்கொழிந்து வெகு காலம் ஆயிற்று. ஆனாலும் பழைய பேக்டரிக்குப் போன் போட்டார். மதியம் நாங்கள் மூவரும் போனோம். இலையை நசுக்கிச் சுருட்டும் சிடிசி மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில், பழைய சாமான் அறையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார்கள். பக்கவாட்டில் தோட்டத்தின் பெயர் பாதி அழிந்திருந்தது. உள்தாளைக் கிழித்தபோது பழைய டஸ்ட் தூள் பறந்து எல்லோருக்கும் தும்மல்.

சித்தப்பாவே துளை போட்டார். நைலான் கயிற்றின் நுனியில் ஒரு வாஷரைக் கட்டி உள்பக்கம் மாட்டிக்கொள்ளச் செய்தார், இல்லாவிட்டால் முடிச்சு பலகையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கம்பின் அடி பெட்டியின் விளிம்பில், மேல்நுனியில் கயிறு. கம்பைப் பின்னால் சாய்த்தால் கயிறு இறுகிச் சுரம் ஏறுகிறது, முன்னால் விட்டால் இறங்குகிறது. அவ்வளவுதான் விஷயம். பெட்டியின் ஒரு ஓரத்துக்கு அடியில் செருப்பை வைத்துத் தூக்கிவிட்டதும், வயிற்றில் அதிர்கிற மாதிரி 'தும்' என்றது. இலை எடைபோடும் அக்கா ஒருவர் வந்து, "எங்க ஊர்ல இதைவிட நல்லா பறை அடிப்பாங்க" என்று சொல்லிவிட்டு, தானும் ஒரு தடவை சுண்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இனி நேற்று விட்ட கதை. சிட்னரின் ஜாஸ் கிளப்பில் ஸ்கிஃபிளுக்கு அனுமதி உண்டு, ராக் அண்ட் ரோலுக்குக் கிடையாது. 1957 ஆகஸ்ட் 7 அன்று குவாரிமென் அங்கே வாசித்தார்கள். லெனன் சும்மா இருப்பாரா? எல்விஸ் பாட்டுகளுக்குப் போய்விட்டார். இந்தப் பாழாய்ப்போன ராக்கை நிறுத்து என்று மேடைக்கு ஒரு சீட்டு வந்ததாம். பிற்காலத்தில் ராக் இசையின் கோயில் என்று உலகமே கொண்டாடிய இடம், அந்த இசையை வாசலிலேயே தடுக்கப் பார்த்த இடம். கிளப்பின் வரலாறு என்று அச்சடித்து விற்பவர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கடைசியில் சிட்னர் மனம் மாறவில்லை, முதலாளிதான் மாறினார். 1959இல் ரே மெக்ஃபால் 2,750 பவுண்டுக்கு கிளப்பை வாங்கினார். அவரும் ஜாஸ் ஆள்தான், ஆனால் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். ஜாஸுக்குக் கூட்டம் குறைவதைப் பார்த்து 1960 மே 25 அன்று முதல் பீட் இசை (ராக் அண்ட் ரோலின் லிவர்பூல் வடிவம்) இரவை நடத்தினார். அன்று வாசித்த ரோரி ஸ்டார்ம் குழுவின் டிரம்மர், பின்னாளில் பீட்டில்ஸில் சேர்ந்த ரிங்கோ ஸ்டார்.

சனி, கோத்தகிரி

தம்பியின் நண்பன் வீட்டுக் கல்யாணம், கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில். போகிற வழியெல்லாம் மூடுபனி, எதிரே வரும் வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. சாப்பாடு அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்போடு. அதற்கே தனியாக ஒரு பதிவு போடலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம். கீபோர்டும் டிரம் பேடும் வைத்துப் படுகப் பாட்டு வாசிக்க, வட்டமாக நின்று எல்லோரும் ஒரே அடவு. எழுபது வயதுத் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஐடி கம்பெனிப் பையன், அவனுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பெண். யாரும் யாரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தம்பி காதருகே வந்து, "பகல் ரெண்டு மணிக்கு இந்த ஆட்டம், ஒரு சொட்டு சரக்கு இல்லாம" என்றான். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேவர்னின் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது பகல்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கச்சேரி. சுற்றிலும் அலுவலகங்கள், கடைகள். டைப்பிஸ்ட் பெண்களும் குமாஸ்தாப் பையன்களும் ஒரு ஷில்லிங் கொடுத்து இறங்கி, சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்டு, தலையெல்லாம் வியர்வையும் நிலவறை வாடையுமாக வேலைக்குத் திரும்புவார்கள். அழுகிய பழமும் பினாயிலும் கலந்த அந்த வாடையை வைத்தே யார் எங்கே போய் வந்தார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். அந்தக் காலத்தில் மதுபான உரிமம் கிடையாது. காபி, கோக் அவ்வளவுதான்.

மதியம் வாசிக்க ஆள் வேண்டுமே? மற்றக் குழுக்களில் இருந்தவர்களுக்குப் பகலில் வேலை இருந்தது. ஹாம்பர்க்கிலிருந்து திரும்பி வந்த பீட்டில்ஸுக்கு இல்லை. இதைக் கவனித்தவர் பாப் வூலர், கிளப்பில் அறிவிப்பாளராக இருந்து இசைத்தட்டு போட்டவர். இவர்களை எடுங்கள், பகலில் சும்மாதான் இருக்கிறார்கள் என்று மெக்ஃபாலிடம் சொன்னார். 1961 பிப்ரவரி 9, மதியம், சம்பளம் 5 பவுண்டு. கிளப்பில் ஜீன்ஸ் போட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால் அன்று பீட்டில்ஸின் கிடார்காரர் ஜார்ஜ் ஹாரிசனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

உலகப் புகழ், மேதைமை என்று பேசுகிற இடத்தில் யாரும் வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சேர்ப்பதில்லை. வாரத்தில் பல மதியங்கள், ஒரே கூட்டத்துக்கு முன்னால், சலிக்காமல் வாசிக்க வேண்டும் என்றால் பாட்டுப் பட்டியல் நீண்டுகொண்டே போக வேண்டும். ஃபியூஸ் போய் ஆம்ப்ளிஃபையர் அணைந்தால் கேலி பேசியும் பியானோ வாசித்தும் சமாளிக்க வேண்டும். கூரையில் கோர்த்த வியர்வை சுண்ணாம்போடு சேர்ந்து தலையில் சொட்டும். பக்கத்துத் தெருவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த, பின்னாளில் பீட்டில்ஸின் மேனேஜரான பிரையன் எப்ஸ்டீன் 1961 நவம்பர் 9 அன்று வந்து பார்த்ததும் ஒரு மதிய நிகழ்ச்சியில்தான். 1963 ஆகஸ்ட் 3 அன்று அவர்கள் கடைசியாக வாசிக்கும்வரை பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 292 நிகழ்ச்சிகள். எண்ணிக்கையில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை உண்டு. நமக்கு எதற்கு அது.

திரும்பி வரும்போது தம்பி ஒரு முடிவுக்கு வந்திருந்தான். ஞாயிறு மதியம், இரவில் கிடையாது. இரவு என்றால் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டும், பெண்பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள், கேட்பவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். சரியான யோசனை.

ஞாயிறு, குன்னூர்

நாள் முழுக்க மழை. சித்தி அரிசிம்பருப்பு சாதம் செய்தார். வெளியே போகவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் சித்தப்பா விடவில்லை. மழை பெய்கிறபோதுதான் குடோனைப் பார்க்க வேண்டும் என்றார். குடையோடு போனோம்.

கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. பின்சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, கூடத்தின் நடுவில் கணுக்கால் நனைகிற அளவுக்குக் குளம். சித்தப்பா நேராகக் கோடிக்குப் போய், தகரக் கதவு போட்ட கழிப்பறையைத் திறந்து பார்த்தார். குழாய் எங்கே போகிறது என்று கேட்டார். தம்பிக்குத் தெரியவில்லை. குடோன்காரருக்குப் போன் போட்டால் அவருக்கும் தெரியவில்லை. "அப்ப ஓடைக்குத்தான் போகுது" என்றார் சித்தப்பா.

அங்கேயே நின்று மெக்ஃபாலின் கதையைச் சொன்னேன். பீட்டில்ஸ் போன பிறகு கிளப்பின் பெயர் உலகமெங்கும் பரவியது, பேருந்து பேருந்தாக ஆள் வந்தார்கள். அந்தப் புகழில் அவர் பணக்காரர் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கடன் ஏறிக்கொண்டே போனது. அதோடு சுகாதார வசதி சரியில்லை, சாக்கடையைச் சீர்செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. நிலவறையில் அந்த வேலை லேசுப்பட்டதில்லை. அவர் நொடித்துப்போனார். 1966 பிப்ரவரி 28 அன்று கிளப்பை மூட வந்தபோது உள்ளே இருந்த இளைஞர்கள் படிகளில் நாற்காலிகளை அடுக்கி வழியை அடைத்தார்கள். போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. அதே ஆண்டு ஜூலை 23 அன்று வேறு கைகளில் மறுபடி திறந்தபோது வந்தவர் பிரதமர் ஹரால்ட் வில்சன், பக்கத்துத் தொகுதிக்காரர். பிரதமர் திறந்து வைத்த நிகழ்ச்சியில் மெக்ஃபாலின் ஏழு ஆண்டு உழைப்பை எத்தனை பேர் நினைத்தார்களோ.

சிலையும் பலகையும் பீட்டில்ஸ் நான்கு பேருக்குத்தான் முதலில் கிடைக்கும், அது நியாயம்தான். ஆனாலும் ஒரு கிளப்பின் வரலாறு என்பது யார் பாடினார்கள் என்பதைவிட, யார் வாடகை கட்டினார்கள், யார் கதவு திறந்தார்கள், தண்ணீர் எங்கே போனது என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோட்டு வாங்கி வைக்கும் இடத்தில் நின்ற பெண்கூடப் பாடகியானாள், சில்லா பிளாக். மெக்ஃபாலுக்கு மிஞ்சியது கடன்.

தம்பி தண்ணீரில் நின்றபடியே செலவுக்கணக்கைப் போனில் தட்டிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய தொகையைச் சத்தமில்லாமல் கொத்தனார் கணக்கில் மாற்றினான்.

திங்கள், குன்னூர் முதல் மேட்டுப்பாளையம்

மதிய ரயில். ஊட்டியிலிருந்து டீசல் எஞ்சினோடு வரும் வண்டிக்கு, குன்னூரில்தான் நீராவி எஞ்சின் மாட்டுவார்கள், இங்கிருந்து கல்லார்வரை பல்சக்கரப் பாதை என்பதால். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். இரண்டு பயணத்திலும் அது பள்ளத்துப் பக்கம்தான். பன்னிரண்டு அடிக்கு ஓரடி இறங்கும் சரிவு அப்படி.

வழியனுப்ப வந்த தம்பியோடு எஞ்சின் மாட்டுவதைப் பார்க்கப் போனேன். கரியும் எண்ணெயும் கலந்த சூடு முகத்தில் அடித்தது. செல்ஃபி கூட்டத்தில் ஒருவர் தன் பிள்ளையிடம், "நூறு வருசத்துக்கு முந்தின வண்டிடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதை பழசுதான். குன்னூர்வரை 1899இல் ரயில் வந்தது, ஊட்டிவரை 1908இல். இதில் ஓடிய பழைய எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரில் செய்தவை. ஆனால் 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகையில் புதிதாகச் செய்து அனுப்பிய எஞ்சின்களும் இந்தப் பாதையில் ஓடுகின்றன.

"அப்ப இது டூப்ளிகேட்டா?" என்றான் தம்பி. அதே பல்சக்கரத்தில் அதே சரிவைத் தினமும் ஏறி இறங்குகிற ஒன்றை எப்படி டூப்ளிகேட் என்பது?

லிவர்பூலில் எனக்கு இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், நீ போனது அசல் கேவர்ன் இல்லையே என்று. உண்மைதான். 1973 மே மாதக் கடைசியில் கிளப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். நிலத்தடி ரயிலுக்குக் காற்றுக்குழாய் கட்ட அந்த இடம் தேவை என்றார்கள். மேலே இருந்த கிடங்கை இடித்து, நிலவறையை இடிபாட்டால் நிரப்பினார்கள். கிளப் எதிரே வேறொரு கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்புறம் பார்த்தால் அந்தக் காற்றுக்குழாயைக் கட்டவே இல்லை. கார் நிறுத்துமிடம் ஆனது. ஒரு ஊர் இப்படித் தன் கண்ணையே குத்திக்கொள்ளுமா என்று கேட்காதீர்கள், நம் ஊர்களிலும் பட்டியல் நீளம்.

1980 டிசம்பரில் லெனன் கொலையான பிறகுதான் ஊருக்கு உறைத்தது. தோண்டிப் பார்த்தார்கள். வளைவுகளை அப்படியே மீட்க முடியவில்லை. பழைய செங்கற்களில் சுமார் 15,000 எடுத்து, பழைய இடத்தின் பெரும்பகுதியின் மேல், பழைய வரைபடத்தின்படி மறுபடி கட்டி 1984 ஏப்ரல் 26 அன்று திறந்தார்கள். வாசல் சற்றுத் தள்ளி, கூடம் இன்னும் ஆழத்தில். நான் போனபோதெல்லாம் யாராவது ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டிருப்பார், எந்தச் செங்கல் பழசு என்று தேடுவார். எனக்கு அந்தத் தேடலில் ஆர்வம் இருந்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமைப் பகலில் முன்பின் தெரியாத ஒரு பையன் கிடாரோடு ஏறி, பத்துப் பேருக்கு முன்னால் தொண்டை கிழியப் பாடினான். அங்கே இன்றும் தினமும் யாராவது வாசிக்கிறார்கள், அது போதும். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் 1999 டிசம்பர் 14 அன்றும், மறுபடி 2018 ஜூலையிலும் அங்கே வந்து பாடிவிட்டுத்தான் போனார்.

விசில் ஊதிவிட்டார்கள். தம்பி ஜன்னல் வழியாக டீப்பெட்டி பாஸின் வீடியோவைக் காட்டினான், சித்தப்பா வாசிக்கிறார், சித்தி சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிறார். ரன்னிமேடு, ஹில்குரோவ் எல்லாம் மழையில் கழுவிவிட்ட பச்சை. ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் எதிர் சீட்டுக்காரரின் பிஸ்கட் பொட்டலத்தை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு போனது.

மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது தம்பியிடமிருந்து செய்தி வந்திருந்தது. கழிவுநீர்க் குழாய்க்கும் தொட்டிக்கும் ஆகிற செலவில் பாதியைக் குடோன்காரர் ஏற்றுக்கொள்கிறாராம். மீதியை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று பேச்சு நடக்கிறது. கொத்தனார் புதன்கிழமை வருகிறார். கோவைக்கு அடுத்த வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இதை ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன்.